நிமிராத இரண்டு விரல்

மண்டபத்தூர் கோவிந்தராசுவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு எழாது. நான் காரைக்காலில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் கடை வாசலில், ஊரே பார்க்க, அவன் என் கன்னத்தில் அறைந்தான். காலாவதியான மாத்திரையை அவன் தலையில் கட்டிவிட்டேனாம். தயாரித்த தேதியைப் பார்த்துவிட்டு அதுதான் காலாவதித் தேதி என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அட்டையைத் திருப்பிக் காட்டினேன். "சரி, விடு" என்று சொல்லிவிட்டு மாத்திரையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மன்னிப்பு என்கிற சொல் அவன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே தெரு. அவனுக்கு ஐம்பத்தெட்டு வயசு இருக்கும். ஒரு ஃபைபர் படகும் நண்டு வலையும் வைத்துக்கொண்டு தனியாகத்தான் கடலுக்குப் போவான். தனியாகப் போவதைப் பெரிய வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். அவனோடு படகேற ஆள் கிடையாது, அவ்வளவுதான். ஏறியவர்கள் எல்லாரும் அடி வாங்கிக்கொண்டு இறங்கினவர்கள். பேச்சு வளர்வதற்கு முன்னாலேயே அவனுக்குக் கை மூடிவிடும். அவன் வலது கையை விரித்து வைத்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அடி வாங்கினவர்களில் முதல் இடம் நீலகண்டனுக்கு. கோவிந்தராசுவின் பெண்டாட்டி செல்லத்துக்குக் கூடப்பிறந்த அண்ணன். கோவிந்தராசுவின் மகள் நந்தினிக்குக் கல்யாணம் நடந்தபோது, தாய்மாமன் மாலை போடுவதற்கு முன்னால் யாரோ பங்காளியை மேடையில் ஏற்றிவிட்டார்கள். நீலகண்டன் நியாயம் கேட்டான். கேட்டதற்குக் கிடைத்தது வாயில் ஒரு குத்து. முன்பல் அன்றோடு போயிற்று. அதற்கப்புறம் இரண்டு குடும்பத்துக்கும் நல்லது கெட்டது கிடையாது. போனில்கூட ஒருவன் நம்பரை ஒருவன் பிளாக் பண்ணி வைத்திருந்தான். நடுவில் கிடந்து அல்லாடியது செல்லம்தான்.

இப்படிப்பட்டவனுக்கு வந்த வியாதி என்ன தெரியுமா? வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கமாக மடங்கி, நிமிராமல் நின்றுவிட்டன.

ஒரே நாளில் வந்ததில்லை. முதலில் உள்ளங்கையில் ஒரு முடிச்சு. வலை இழுத்துக் காய்த்துப்போனது என்று விட்டுவிட்டான். அப்புறம் முடிச்சிலிருந்து தோலுக்கு அடியில் கயிறு ஓடினாற்போல ஒன்று தடித்து, விரல்களை உள்ளே இழுத்தது. வலி இல்லை. வலி இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பான். வலி இல்லாததால் மறைத்தான். கைலி மடிப்புக்குள் கையைச் செருகிக்கொண்டு நடந்தான். என் கடையில் இடது கையால் காசு நீட்டுவான். திமிர் என்று நான் வைதிருக்கிறேன். முகம் கழுவும்போது மடங்கின விரல் கண்ணில் குத்திக்கொள்ளும் என்பது செல்லத்துக்கு மட்டும் தெரியும். வெளியில் சொன்னால் வெட்டிப் போடுவேன் என்று அவளை மிரட்டி வைத்திருந்தான்.

இனி கடலில் நடந்தது. இரண்டு பேர் சொன்னதையும் தனித்தனியாகக் கேட்டு, சேர்த்து வைத்துச் சொல்கிறேன்.

மார்கழி மாசம். வாடைக் காற்றும் தூறலும். நீலகண்டன் அன்றைக்கு மகன் செம்பியனுக்குக் காய்ச்சல் என்று தனியாகப் போயிருந்தான். நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்டது. போனுக்கு டவர் கிடைக்காத தூரம். நங்கூரம் போட்டுவிட்டுப் பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரே ஒரு படகு. அதில் கோவிந்தராசு. வேறு வழியில்லாமல் துண்டை எடுத்து வீசினான்.

எங்கள் ஊரில் கடல்மேல் ஒரு வழக்கம் உண்டு. கரையில் கையை விரித்தால் 'இல்லை' என்று அர்த்தம். கடலில் அது தலைகீழ். தூரத்துப் படகுக்காரன் உள்ளங்கையை விரித்து உயர்த்தினால், 'பார்த்துட்டேன், அங்கேயே நில்லு, வர்றேன்' என்று பொருள். முஷ்டி பிடித்து உயர்த்தினால், 'என்னால முடியாது, வேற வழி பாரு'. வலை சிக்கியிருக்கிறவன், எண்ணெய் தீர்ந்தவன் முஷ்டி காட்டுவான். அதில் குற்றம் இல்லை. சும்மா இருக்கிறவன் முஷ்டி காட்டினால் அதைவிடப் பெரிய குற்றம் எங்கள் ஊரில் கிடையாது. கடலில் ஆளை விட்டுவிட்டு வந்தவனுக்கு அப்புறம் கடல் கிடையாது.

கோவிந்தராசு கையை உயர்த்தினான். நீலகண்டன் பார்த்தது முஷ்டி.

அவனைக் குறை சொல்ல முடியுமா? வாயில் பல் இல்லாத இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே பார்த்திருப்பான். இவன் வரமாட்டான் என்று முடிவு கட்டி, நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டுத் துடுப்புப் போட்டான். காற்று அவன் பேச்சைக் கேட்கவில்லை. தெற்கே தள்ளிக்கொண்டு போய் முகத்துவாரத்துக் கருங்கல் தடுப்பில் மோதவிட்டது. படகு இரண்டாகப் பிளந்தது. இடது தோள்பட்டை எலும்பு முறிந்து, கல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனைத் துறைமுகத்து ஆட்கள் தூக்கினார்கள்.

கோவிந்தராசு சொன்ன கதை வேறு. "கைய விரிச்சுத்தான் காட்டினேன். பாதி வலை தண்ணியில கெடந்துச்சு. அத வெட்டி வுட்டுட்டுப் போனேன். போயிப் பாத்தா ஆளக் காணும். அவன் நங்கூரத்த வெட்டுனதுக்கு நானா பொறுப்பு?"

வலையில்லாமல் அவன் கரை திரும்பியது உண்மைதான். வலை போனதற்குக் கதை கட்டுகிறான் என்றார்கள். நானும்தான் சொன்னேன். ஆயுசு முழுக்க மூடின கையோடு திரிந்தவன், அன்றைக்கு மட்டும், அதுவும் நீலகண்டனுக்கு, கையை விரித்தான் என்றால் எவன் நம்புவான்?

காளியம்மன் கோவில் முன்னால் பஞ்சாயத்துக் கூடிற்று. தலைவர் சுந்தரமூர்த்தி நிதானமான மனுஷர். சாட்சி இல்லாத வழக்கு என்பதால், கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். சந்நிதிக் கல்லில் கற்பூரம் ஏற்றுவார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, வலது உள்ளங்கை கல்லில் பதிகிற மாதிரி அழுத்தி நெருப்பை அணைக்க வேண்டும். அணைந்தால் மெய். அணையாவிட்டால் பொய். இடது கை செல்லாது.

கோவிந்தராசு எழுந்து நின்றான். கற்பூரத்தைப் பார்த்தான். கைலி மடிப்புக்குள் இருந்த கையை வெளியே எடுக்கவில்லை.

"நான் பண்ண மாட்டேன்."

"ஏன்?" என்று சுந்தரமூர்த்தி கேட்டார்.

"பண்ண மாட்டேன்னா பண்ண மாட்டேன். நம்புனா நம்புங்க, இல்லாட்டிப் போங்க."

கூட்டம் கொதித்துப் போயிற்று. நீலகண்டன் தோளில் கட்டோடு எழுந்து, "பொய் சொல்லிட்டு அம்மன் முன்னால கைய வெப்பானா? வெந்துடும்ல!" என்று கத்தினான். கோவிந்தராசு கடலுக்குப் போகக்கூடாது, அவனிடம் யாரும் மீன் எடுக்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வேண்டும் இவனுக்கு என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கு அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றுவது போலச் சும்மா கையை வெளியே எடுத்துக் காட்டியிருந்தால் பாதி வழக்கு முடிந்திருக்கும். ஊரையே கையால் மிரட்டிக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கை ஊனம் என்று ஊருக்குக் காட்ட மனசு வரவில்லை. பொய்யன் என்ற பேர் அதைவிடப் பரவாயில்லை என்று நினைத்தான், மடையன்.

படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அவன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். யாரும் பேச மாட்டார்கள். கொஞ்ச நாளில் செல்லம் என் கடைக்கு வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "தெட்சிணாமூர்த்தி அண்ணே, வெரலு மடங்கிப்போனா நிமித்தறதுக்கு மருந்து இருக்கா?" என்று கேட்டாள். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினாள். "ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் இந்த மனுசன். ரெண்டு பேரையும் சேத்து வெச்சுக் கொளுத்தணும்ண்ணே."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனாலும் கடையைச் சாத்திவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு டாக்டர் பஹீமாவிடம் போனோம். காரைக்கால் பெண்தான். கை அறுவைச் சிகிச்சை படித்துவிட்டு வந்திருக்கிறாள். என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிளினிக்.

"ஐயா, வலது கைய இப்படி மேசை மேல கவுத்து வைங்க. உள்ளங்கை நல்லாப் பதியணும்" என்றாள்.

கோவிந்தராசு துள்ளி எழுந்தான். "இங்கயும் சத்தியமா? எவன் சொல்லி வெச்சான் ஒனக்கு?"

"சத்தியம் இல்லைங்க, பரிசோதனை. பதியலைன்னா அதுதான் வியாதி."

வைத்தான். பதியவில்லை. மேசைக்கும் கைக்கும் நடுவே ஒரு எலி புகுந்து போகலாம். முழுக் கையையும் அன்றைக்குத்தான் நான் வெளிச்சத்தில் பார்த்தேன். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் கோளாறு இல்லை, ஆனால் உள்ளங்கை இழுத்துப் பிடித்ததில் அவையும் பாதிதான் விரிந்தன. மற்ற இரண்டும் உள்ளங்கையைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் முஷ்டிதான்.

"இதுக்கு டூப்விட்ரான் சுருக்கம்னு பேரு" என்றாள் டாக்டர். "நம்ம பக்கம் அவ்வளவா வராது. உள்ளங்கைத் தோலுக்கு அடியில இருக்கற ஜவ்வு தடிச்சு இழுத்துக்கும்."

"யாரு அந்த ஆளு?"

"பிரான்ஸ்ல ஒரு சர்ஜன். இருநூறு வருஷத்துக்கு முந்தி."

"அவருக்கு இந்த மாதிரி வெரலு மடங்கிச்சா?"

"இல்லைங்க. அவர் இதைப் பத்தி விளக்கிச் சொன்னவர்."

"மடங்குனது என் வெரலு. பேரு அவனுதா?"

டாக்டர் சிரித்துவிட்டாள். "அவருக்கு முன்னாலயே இங்கிலாந்துல வேற டாக்டருங்க சொல்லியிருக்காங்க. ஆனா பேரு இவருக்குத்தான் நின்னுச்சு."

"அப்ப திருடன்" என்றான் கோவிந்தராசு. அவன் ஆயுசில் சொன்னதில் எனக்குப் பிடித்த வார்த்தை அது ஒன்றுதான்.

எனக்கும் இந்தப் பேர் வைக்கிறவர்கள் மேல் வெகுநாள் கோபம். தலத்தெருவிலிருந்து ஒரு பெரியவர் கை நடுங்க நடுங்க மருந்துக்கு வருவார். சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோக அவர் படுகிற பாடு, பேர் மட்டும் பார்க்கின்சன். தருமபுரத்தில் ஒரு அம்மாளுக்குப் பெற்ற பிள்ளையின் பேரே மறந்துவிட்டது. ஆனால் அல்சைமர் என்பவர் பேரை அந்த வீட்டில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். குஷ்டம் என்று சொல்லாமல் ஹான்சன் நோய் என்று சொல்வதை மட்டும் நான் மன்னிப்பேன். அங்கே பேர் கொஞ்சம் மரியாதை வாங்கிக் கொடுக்கிறது. மற்றபடி பட்டா எழுதிக்கொண்ட கதைதான். பாடு ஒருத்தனுடையது, பேர் இன்னொருத்தனுடையது.

ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அந்தப் பிரெஞ்சுக்காரன் பேர் தேவைப்பட்டது. பஞ்சாயத்தை மறுபடி கூட்டச் சொன்னேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நானே படித்து விளக்கினேன். நீலகண்டன் பாதியில் எழுந்தான்.

"யோவ் மருந்துக்கடை, நிறுத்துய்யா. இத்தன நாளா இந்த வியாதி எங்க போச்சு? பஞ்சாயத்து வெச்சதும் வந்துச்சா? எவனோ செத்துப்போன வெள்ளக்காரன சாட்சிக்குக் கூட்டியாறியா?"

கூட்டம் சிரித்தது. சுந்தரமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. "கோவிந்தராசு, கையக் காட்டு" என்றார்.

அவன் காட்டவில்லை. நேரே சந்நிதிக் கல்லுக்குப் போனான். கட்டியாக ஒரு கற்பூரத்தை எடுத்து இடது கையாலேயே ஏற்றினான். பிறகு வலது கையைக் கைலி மடிப்பிலிருந்து உருவினான். அத்தனை பேரும் அப்போதுதான் அதைப் பார்த்தார்கள்.

"விரிச்சுத்தான் காட்டினேன்" என்றான். "விரிஞ்சது இவ்வளவுதான்." கையை நெருப்பின்மேல் கவிழ்த்து அழுத்தினான்.

நெருப்பு அணையவில்லை. எப்படி அணையும்? கை பதிந்தால்தானே. மடங்கின விரல்கள் முட்டுக் கொடுத்து நிற்க, உள்ளங்கைக் குழிவுக்குள் கற்பூரம் பாட்டுக்கு எரிந்தது. விரல் சந்துகள் வழியாக வெளிச்சம் வந்தது. அவன் இடது கையால் மேலே அழுத்திப் பார்த்தான், முழங்கையை ஊன்றி அழுத்திப் பார்த்தான். எலும்பு கேட்கவில்லை. அணையாவிட்டால் பொய் என்பது சட்டம். அவன் கையை எடுக்கவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். தோல் கருகும் நாற்றம் வந்தது. செல்லம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தன் நகரவில்லை, நானும் நகரவில்லை. இதை வெட்கத்தோடு சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நகர்ந்தது நீலகண்டன். "எடுடா கைய, நாயே!" என்று ஓடிப்போய்க் காலால் அவன் தோளில் ஒரு உதை விட்டான். கோவிந்தராசு சாய்ந்தான். நீலகண்டன் குனிந்து தன் வலது உள்ளங்கையைக் கல்லில் அறைந்து நெருப்பை அணைத்தான்.

சுந்தரமூர்த்தி மெதுவாகக் கேட்டார். "நீலகண்டா, அணைச்சது ஒங் கையி. அப்ப சத்தியமும் ஒன்னுதுதான். என்னன்னு சொல்லி அணைச்ச?"

நீலகண்டன் உள்ளங்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். "இவன் கை நிமிராதுன்னு அணைச்சேன். அவ்வளவுதான். இவன் நல்லவன்னு அணைக்கல."

கட்டுப்பாடு அன்றே நீங்கிற்று. கோவிந்தராசுவின் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியிருந்தது. தீப்புண் களிம்பு நான்தான் போட்டேன். புண் ஆறினதும் விரலை நிமிர்த்திவிடலாம், பெரிய ஆபரேஷன் ஒன்றும் இல்லை என்று டாக்டர் பஹீமா நாள் குறித்துக் கொடுத்தாள். எல்லாம் சுபம் என்று நினைக்கிறீர்களா? இவனைப் பற்றி நான் சொன்னது எதுவும் உங்கள் காதில் ஏறவில்லை.

குறித்த நாளில் அவன் போகவில்லை. டாக்டர் எனக்குப் போன் பண்ணினாள். நான் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "ஒனக்காகக் கடையைச் சாத்திட்டு அலைஞ்சேனே, ஏன்யா போகல?"

புது வலைக்கு மிதப்புக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு விரல் உதவாமல் அந்த வேலை அவனைப் பாடாய்ப் படுத்திற்று. நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான். "அவன் என்னன்னு சத்தியம் பண்ணுனான்? என் கை நிமிராதுன்னு. நான் போயி நிமித்திக்கிட்டு வந்தா, அம்மன் முன்னால அவன் பண்ணது பொய்ச் சத்தியமாயிடும்ல?"

"அடப்பாவி, அவன் பேசுனது அன்னிக்கி இருந்த கையப் பத்தி!"

"சத்தியத்துக்கு அன்னிக்கி இன்னிக்கின்னு உண்டா? எனக்காக ஒருத்தன் நெருப்புல கை வெச்சிருக்கான். அத நான் பொய்யாக்க மாட்டேன்."

"அப்ப அவன்கிட்ட போயி ஒரு வார்த்தை பேசேன்."

"பேசறது வேற. அவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

செல்லம் இதை அண்ணனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாளே நீலகண்டன் என் கடைக்கு வந்து கண்ணாடி அலமாரியில் ஓங்கித் தட்டினான். "போயி அறுத்துக்கச் சொல்லுய்யா அவன! என் சத்தியத்த நான் பாத்துக்கறேன். இவன் யாரு காப்பாத்தறதுக்கு?" நீயே போய்ச் சொல்லு என்றேன். "அந்த நாயோட எனக்கென்ன பேச்சு" என்று துப்பிவிட்டுப் போனான். துப்பியதை நான்தான் கழுவிவிட்டேன்.

டூப்விட்ரான் என்ற பேர் மண்டபத்தூரில் எவன் வாயிலும் நுழையவில்லை. போன மாசம் ஒரு வலைக்காரன் உள்ளங்கையில் முடிச்சோடு கடைக்கு வந்து, "எனக்கும் கோவிந்தராசு வந்துடுச்சு போலருக்குண்ணே" என்றான். ஊரில் இப்போது அந்த வியாதிக்கு அதுதான் பேர். அவன் காதில் விழுந்தால் அடிக்க வருகிறான், அதே கையால்.

ஒரு வருஷம் கழிந்து, இந்தத் தையில் நீலகண்டன் புதுப் படகு இறக்கினான். எஞ்சின், உடைந்த படகிலிருந்து எடுத்த அதே பழசுதான். அது மறுபடியும் நடுக்கடலில் காலை வாரிவிட்டது. நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பார்த்தால், மறுபடியும் தூரத்தில் அவன் படகு ஒன்றுதான். செம்பியனும் அன்றைக்கு அப்பனோடு இருந்தான். அவன்தான் எனக்குச் சொன்னான். துண்டை வீசினார்களாம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்ததாம். பார்த்தால் முஷ்டிதான். செம்பியன் பதறிப்போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு நங்கூரக் கயிற்றிடம் போயிருக்கிறான்.

"வெட்டாத" என்றானாம் நீலகண்டன். "வர்றேங்குறான்."

வெயில் ஏறும்வரை அப்பனும் மகனும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தராசு தன் வலையை முழுசும் ஏற்றிக்கொண்டு, நிதானமாக வந்து கயிற்றை வீசினான். கரைவரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். வழியில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.